கால் சிரை உறைவு: நோயறிதலை முந்திய மருந்து

கால் சிரையில் தோன்றும் இரத்த உறைகட்டி பெயர்ந்து, இதயத்தின் வழியே சென்று, நுரையீரல் தமனியை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோவ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிறுவிவிட்டார். ஆயினும் தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்சிரையில் உறைவு உண்டா என்பதை உயிருள்ள நோயாளியிடம் அறிய, வீங்கிய கெண்டைக்காலைத் தொட்டும் அழுத்தியும் பார்ப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையைப் பல தலைமுறை மாணவர்கள் கற்றார்கள். வெறும் தசைப்பிடிப்பிலும் அவ்வலி வரும், உறைவு இருந்தும் வராமற்போகும் என்பதால் அதற்குக் கிடைத்த மதிப்பு அதன் தகுதிக்கு மிஞ்சியதே.

மருந்தோ மாட்டுத் தீவனத்திலிருந்து வந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளியிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள், கொம்பு அறுத்த காயத்தில்கூட இரத்தம் நில்லாமல் மாண்டன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடாரியோடு உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் பனிப்புயலில் ஏற்றிக்கொண்டு மேடிசன் நகருக்கு வந்து, வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகக் கதவைத் தட்டினார். உறைவுக்கான புரதங்களை உருவாக்கக் கல்லீரலுக்குத் தேவையான வைட்டமின் கே-யின் செயலைத் தடுக்கும் டைகுமரால் என்னும் பொருளை அவ்வாய்வகம் 1939இல் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954 முதல் மனிதருக்கான மருந்தாகவும் புழக்கத்திற்கு வந்தது. இம்மாத்திரைகள் முழுமையாக வேலை செய்யச் சில நாட்கள் ஆவதால், 1916இல் பால்டிமோரில் கண்டறியப்பட்டதும் உடனே செயல்படுவதுமான ஹெபாரின் ஊசியை முதலில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உருவானது.

இவை உயிர் காக்கின்றன என்பதற்கான சான்று 1960இல்தான் பிரிஸ்டலில் கிடைத்தது. பாரிட், ஜோர்டன் ஆகியோரின் ஆய்வில், நுரையீரல் அடைப்புற்றோருள் இம்மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அவ்வடைப்பாலேயே இறக்க, மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. எனவே மருந்தின்றி விடுவது தகாதென அவ்வொப்பீடு நிறுத்தப்பட்டது. எனினும் அங்கும் நோய் பெரும்பாலும் அறிகுறிகளைக் கொண்டே கணிக்கப்பட்டது என்பதை மறப்பதற்கில்லை.

சிரைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே தெளிவானதாயினும் வலி மிகுந்தது. அழுத்தினால் நல்ல சிரை தட்டையாகும், உறைவுள்ள சிரை ஆகாது என்னும் எளிய இயல்பைக் கொண்டு அல்ட்ராசவுண்ட் 1980களில் அதன் இடத்தைப் பிடித்தது. 1990களில் கனடிய மருத்துவர் ஃபிலிப் வெல்ஸ் குழுவினர், புற்றுநோய், அண்மைய அறுவை, ஒரு கால் மட்டும் வீங்குதல் முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார்கள். மதிப்பெண் குறைந்து, உறைவு சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் டி-டைமரும் இயல்பாக இருந்தால், ஸ்கேன்கூட இன்றி நோயாளியை அனுப்பலாம் என்ற நிலை அதன் பின்னரே வந்தது.