ஆறு அங்குலத் துணியில் ஒரு வரலாறு: சாங்கி சிறைப் போர்வைகளும் நம் வீட்டுப் பழஞ்சேலைப் போர்வையும்

“தைக்கிறதுக்கெல்லாம் எங்க சார் நேரம்?” ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். காலை ஆறரைக்கு நெரிசல், பிறகு பாடம், புறப்பாடம், கூட்டம், வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைகளின் டியூஷன். இதற்கிடையே எங்கள் கணித ஆசிரியை ஒருவர் தினமும் இரவு இருபது நிமிடம் ஒதுக்கி, துண்டுத் துணிகளை இணைத்து ஒரு ‘குயில்ட்’ போர்வை தைக்கிறார். மலாயில் ‘கைன் பெர்ச்சா’ என்று சொல்லும் வெட்டித் துணிகள்தான் அவருக்கு மூலதனம். பார்க்கிறவர்கள், “டீச்சருக்கு ரொம்ப நேரம் இருக்கு போல” என்று சிரிப்பார்கள்.

வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. துண்டுத் துணிப் போர்வையின் வரலாற்றைப் புரட்டினால், நேரம் நிறைய இருந்தவர்கள் தைத்தது குறைவுதான். துணியும் இல்லாமல், நூலும் இல்லாமல், நேரமும் இல்லாமல் தைத்தவர்களே அதிகம். அப்படித் தைக்கப்பட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றவை நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரின் சாங்கி சிறையில், 1942இல் உருவாயின. படிவம் 4 வரலாற்றில் ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் படிக்கும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

தேவையில் பிறந்த கலை

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத்தையல் போட்டுக் ‘காந்தா’ தைத்தார்கள். ஜப்பானின் ஏழை விவசாயிகள் கிழிந்த துணியின் மேல் துணி வைத்துத் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள். கர்நாடகத்தில் ‘கவுதி’, மகாராஷ்டிரத்தில் ‘கோதடி’ என்று பெயர் மாறும், செய்முறை ஒன்றுதான். தஞ்சைப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பைகளும் வெட்டித் துணிகளை ஒட்டித் தைத்தவையே. ஆனால் அது கோயிலுக்காகத் தொழில் கைவினைஞர் செய்தது. வீட்டுப் பெண்கள் தைத்தது குளிருக்கும் குழந்தைக்கும்.

பிறகு இயந்திரம் வந்தது. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். கையால் தைத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஒரு சட்டையை, இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம் என்று அக்காலத்தில் கணக்குக் காட்டினார்கள். சிங்கர் நிறுவனம் 1856இல் தவணை முறையையும் கொண்டு வந்தது. மொத்தப் பணம் இல்லாத குடும்பமும் மாதாமாதம் கட்டி ஒரு மிஷின் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகள்கூடத் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். 1924இல் அவரிடம் இது குறித்துக் கேள்வி கேட்ட ஜி. ராமச்சந்திரன்தான், பிற்காலத்தில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

மிஷின் வந்ததும் கைத்தையல் கட்டாயம் என்ற நிலை மெல்ல மாறியது. விரும்புகிறவர்கள் செய்யும் ‘பொழுதுபோக்கு’ என்று அதற்குப் பெயர் வந்தது. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாங்கியில் இதுதான் பெண்களைக் காப்பாற்றியது.

சாங்கி, 1942

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மலாயாவிலிருந்து தெற்கே ஓடிய ஐரோப்பியக் குடும்பங்கள் பலவும் அங்கே சிக்கிக்கொண்டன. மார்ச் 8 அன்று பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் நானூறு பேர், கொளுத்தும் வெயிலில் காத்தோங்கிலிருந்து சாங்கி சிறைக்கு நடந்தே போனார்கள். அறுநூறு கைதிகளுக்கென்று 1936இல் கட்டப்பட்ட அந்தச் சிறையில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். படையிலிருந்த கணவன்மார்கள் சற்றுத் தள்ளி இராணுவ முகாமில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றுகூட மனைவிமார்களுக்குத் தெரியாது.

அந்தச் சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைச் சேர்த்து ஒரு சாரணியர் குழு தொடங்கினார். ஏறக்குறைய இருபது பேர், வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையில் கூடுவார்கள். அவருக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க வேண்டுமென்று சிறுமிகள் இரகசியமாக ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தார்கள். கிடைத்த கந்தல்களை அறுகோணங்களாக வெட்டி, பூப்போல இணைத்து, தங்கள் பெயர்களையும் அதில் தைத்தார்கள். நூலைப் பழைய உடைகளிலிருந்து உருவினார்கள். காவலர் வரும்போது மறைத்துக்கொள்வார்கள். அந்தப் போர்வை இன்று இலண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிறுமிகளின் இந்த வேலையிலிருந்துதான் பெரியவர்களின் திட்டம் பிறந்தது. முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியாக இருந்த கனடா நாட்டுப் பெண் ஈத்தல் மல்வேனி அதை முன்னின்று நடத்தினார். விரும்பிய பெண்களுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் போட வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். மூன்று போர்வைகள், ஆக 198 சதுரங்கள். ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மூன்றாவது காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு.

மூன்றாவது எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். எதிரி வீரனுக்கும் ஒரு போர்வை என்றபோது அது கருணை. அதே நேரத்தில் அனுமதி வாங்கும் வழியும் அதுதான். சிறை அதிகாரிகள் கண்ணுக்கு இது பெண்கள் பொழுதுபோக்காகச் செய்யும் பூவேலை. கடிதம் எழுதியிருந்தால் தடுத்திருப்பார்கள். பூவேலையை விட்டுவிட்டார்கள். போர்வைகள் சாங்கி முகாம் மருத்துவமனைக்குப் போயின.

அங்கே படுத்திருந்த வீரன் போர்வையைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு சதுரத்தில் மனைவியின் பெயர். கையெழுத்துப் போலவே தைத்த பெயர். அவ்வளவுதான், ஆனால் அது போதும். அவள் உயிரோடு இருக்கிறாள். மற்றச் சதுரங்களில் ஊர் வீட்டு மலர்கள், சொந்த நாட்டின் சின்னங்கள், சிறை அறை எல்லாம் இருந்தன. ஜப்பானிய வீரர்களுக்கான போர்வையில் மட்டும் அடக்கம் அதிகம். அங்கே வம்புக்கு இடம் வைக்கவில்லை.

பின்பக்கத்தில் தைத்த வாசகம் ஒன்றும் உண்டு. யார் தந்தது, யாருக்குத் தந்தது, போர் முடிந்ததும் எந்தச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியாக, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் ஒரு குறிப்பு! சோற்றுக்கே வழியில்லாத சிறையில் டிரை கிளீனிங் பேச்சு. முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு யோசித்தால், போர் முடியும், இந்தத் துணி அதற்கப்பாலும் இருக்கும் என்று அவர்கள் நம்பியது தெரிகிறது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. இரண்டு போர்வைகள் கன்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அதே நேரம், நம் தோட்டங்களில்

இதே ‘ஜப்பான்காரன் காலத்தில்’ நம்முடைய தோட்டத்து லயங்களில் என்ன நடந்தது?

மலாயாவின் துணி பெரும்பாலும் இறக்குமதிதான். போர் வந்ததும் கப்பல் நின்றது, துணியும் நின்றது. இருந்த துணி கள்ளச் சந்தையில் யானை விலை குதிரை விலை. மக்கள் கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தியதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டத்தில் கூலியும் போயிற்று. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையிலிருந்து திரும்பி வராதவர்கள் ஏராளம். லயத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள், கிழிந்ததைத் தைத்தார்கள். இருக்கிற ஒரே சேலையில் எத்தனை ஒட்டு!

அவர்களும்தான் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் தைத்த துணி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

சாங்கியில் வாடிய பெண்களின் துன்பத்தைக் குறைத்துச் சொல்ல இதைக் கேட்கவில்லை. அவர்கள் கையில் எழுத்து இருந்தது, பெயர் தைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது, பாதுகாத்தது. லயத்துப் பெண்ணின் ஒட்டுத் துணியில் பெயர் இல்லை. அது கிழியும்வரை உடுத்தப்பட்டது, பிறகு தொட்டில் துணி, பிறகு கைப்பிடித் துணி, கடைசியில் அடுப்பங்கரை. பயன்படுத்தியே தீர்த்துவிட்ட பொருள் சான்றாக மிஞ்சுவதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பாட்டி நான்கு பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை. தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்கு மாறியபோது, “புது வீட்டுக்கு இந்தக் கந்தல் எதுக்கு?” என்று அதைத் தூக்கிப் போட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். சாங்கிப் போர்வைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் எதை எறிந்தோம் என்று உறைத்தது.

ஊர் மாறியது, ஊசி மாறவில்லை

ஸ்ரீ கெம்பாங்கானே அவசரகால வரலாற்றில் பிறந்த ஊர். 1950இல் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமம். அப்போது செர்டாங் பாரு என்று பெயர். பக்கத்தில் ஈயச் சுரங்கம், சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். சுரங்கம் இன்று ஏரியும் பேரங்காடியும் ஆகிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக மாறின. லயத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடுத்தபடி கூடவே வந்த பொருள் மிதி தையல் மிஷின். பகலில் தொழிற்சாலை, இரவில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை. தீபாவளி நெருங்கினால் தூக்கமே கிடையாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வரிசையாக இருக்கும் ரவிக்கைத் தையல் கடைகளைப் பார்க்கும்போது, வீட்டிலேயே தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்களும் நினைவுக்கு வர வேண்டும்.

வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம்?

படிவம் 1இல் வரலாற்று மூலங்களைப் படிக்கிறோம். முதன்மை மூலம் என்றதும் மாணவர்கள் கல்வெட்டு, நாட்குறிப்பு, ஒப்பந்தம் என்று எழுதுவார்கள். துணியும் முதன்மை மூலம்தான் என்று காட்ட இது நல்ல வாய்ப்பு. ஒரு பொருளை முன்வைத்து இப்படிக் கேட்கலாம்:

1. யார் செய்தது, எப்போது, எங்கே?
2. எந்தப் பொருளால் செய்தது? அந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது?
3. யாருக்காகச் செய்தது? வேறு யாருடைய கண்ணுக்கும் அஞ்சிச் செய்ததா?
4. இதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிந்தது எது? ஊகம் எது?
5. இதேபோல் செய்த வேறு யாருடைய பொருள் நமக்குக் கிடைக்கவில்லை? ஏன்?

நான்காவது கேள்வியில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். சாங்கிப் போர்வையில் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெண் 1942இல் முகாமில் உயிரோடு இருந்தாள் என்பது உறுதி. அவள் கணவன் அதைப் பார்த்தான் என்பது ஊகம். ஆஸ்திரேலியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் தந்த போர்வைகளின் தொனி வேறுபடுவது நாம் பார்க்கக்கூடிய சான்று. அது அச்சத்தாலா, மரியாதையாலா என்பது விவாதம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்கு விடை எழுதும்போது இந்த மூன்றையும் பிரித்து எழுதிப் பழகினால் புள்ளி தானாக வரும்.

ஐந்தாவது கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிக் குறித்து வரட்டும். “பாட்டி, துணி இல்லாத காலத்துல என்ன பண்ணீங்க? உங்க அம்மா என்ன சொன்னாங்க? யார்கிட்ட தைக்கக் கத்துக்கிட்டீங்க?” ஜப்பான்காரன் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள், பலர் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக்கூடிய பயிற்சி இல்லை இது.

எங்கள் கணித ஆசிரியையின் போர்வை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. போன வாரம் அவரிடம் சாங்கிப் போர்வையின் பின்பக்கத்து வாசகத்தைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே ஒரு வெள்ளைத் துண்டுத் துணியில் தம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். போர்வை முடிந்ததும் பின்பக்கம் வைத்துத் தைப்பாராம்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழஞ்சேலைப் போர்வை ஒன்று இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தைத்தவர் பெயரை, தோட்டத்தின் பெயரை, தெரிந்தால் ஆண்டை ஒரு சிறு துணியில் எழுதி அதன் மூலையில் தைத்துவிடுங்கள். இருபது நிமிட வேலைதான்.