தோற்றுப்போன மசோதா

சட்டசபையில் பேசியவர்களில் நாம் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. கர்ஜித்தவர்களை நினைவில் வைத்திருக்கிறோம். வெளிநடப்புச் செய்தவர்களையும் நினைவில் வைத்திருக்கிறோம். இருபத்தைந்து வருஷம் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்து, ஆலைக் கூலி, அபராதம், பிரசவம், சுரங்கத்தின் இருட்டு என்று யாருக்கும் சுவைக்காத விஷயங்களையே எடுத்துப் பேசிக் கொண்டிருந்த ஒருவரை மறந்துவிட்டோம். நாராயண மல்ஹார் ஜோஷி என்பது அவர் பெயர். என். எம். ஜோஷி என்றால் பழைய தொழிற்சங்கக்காரர்கள் சிலருக்கு இன்னமும் ஞாபகம் வரலாம்.

நான் அவரைத் தேடிப் போகவில்லை. ஒரு நாவலுக்காக 1920-களின் பம்பாய் ஆலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகப் படிக்க ஆரம்பித்ததில், எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இந்த மனிதர் எதிர்ப்பட்டார். கட்சி கிடையாது, பின்னால் கூட்டம் கிடையாது. அவர் கொண்டு வந்தவற்றில் பல, கொண்டு வந்த அன்றே தோற்றவை. கதை எழுதுகிறவனுக்கு ஜெயித்தவனைவிடத் தோற்றவனிடம் ஒரு சபலம் உண்டு. அந்தச் சபலத்தினால்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஜோஷி 1879-ல் கொலாபா ஜில்லாவில் கோரேகாவ்ங் என்ற ஊரில் பிறந்தவர். பூனாவில் படித்து, சில வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு, 1909-ல் கோகலே ஸ்தாபித்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். பிற்பாடு நம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் தலைவராக இருந்த அதே சங்கம்தான். சேர்ந்தவர்கள் ஆயுள் முழுவதையும் பொது ஊழியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்; வாங்கிக் கொள்வது வயிற்றுப்பாட்டுக்கு மட்டும். 1911-ல் பம்பாயில் சமூக சேவை லீகை ஆரம்பித்து, ஆலைத் தொழிலாளர் குடியிருக்கும் பகுதிகளில் இரவுப் பள்ளிகளும் வாசகசாலைகளும் வைத்தியசாலைகளும் நடத்தினார். பத்து வருஷம் அந்தச் சந்துகளில் நடந்த கால்களோடுதான் 1921-ல் அவர் டில்லி சட்டசபைக்குள் நுழைந்தார்.

எப்படி நுழைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1919-ம் வருஷச் சீர்திருத்தத்தின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் 24 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் மத்திய சட்டசபைக்கு ஓட்டுப் போடும் உரிமை பெற்றவர்கள் சுமார் 10 லட்சம் பேர். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஆலைத் தொழிலாளிக்கு அந்த வாசற்படியில் கால் வைக்க வழியில்லை. ஆகையால் தொழிலாளர் சார்பில் ஒருவரைச் சர்க்காரே நியமிப்பது என்று ஏற்பாடு. அந்த ஒருவர் ஜோஷி. தேர்தலில் வந்தவர்கள் அவரைச் சர்க்கார் ஆசாமி என்று நினைக்க இடமிருந்தது. சர்க்காரோ, தான் நியமித்த ஆள் தனக்கே விரோதமாகக் கை தூக்குகிறாரே என்று முகம் சுளித்தது. அப்படியும் 1940-கள் வரை அவரையே திரும்பத் திரும்ப நியமித்தார்கள். அதை விட்டால் வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்த்தாலும் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கைதான் முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சபைக்கு வந்த முதல் வருஷத்திலேயே செய்த காரியம் ஒன்றின் வேர் நம் சென்னையில் இருக்கிறது. 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு. வி. க. அதற்கு உப தலைவர். 1920 கடைசியில் பக்கிங்ஹாம் ஆலையில் கதவடைப்பு வந்தபோது, பின்னி கம்பெனி வாடியா மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, தொழிலாளரின் வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கிவிட்டது. கடைசியில் வாடியா தொழிற்சங்கத்தை விட்டே விலகுவது என்ற நிபந்தனையில் சமாதானம் ஆயிற்று. கூலி போதவில்லை என்று பத்துப் பேரைச் சேர்த்துப் பேசினாலே நஷ்ட ஈட்டு வழக்கு வரும் என்றால், பிறகு சங்கம் ஏது? 1921 மார்ச்சில் ஜோஷி சட்டசபையில் ஒரு பிரேரணை கொண்டு வந்தார்: தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் அவற்றுக்குப் பாதுகாப்பளிக்கவும் சட்டம் வேண்டும் என்று. பிரேரணை நிறைவேறியது. சட்டம் வர ஐந்து வருஷம் பிடித்தது. 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் அன்று ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்து கொள்ள முடிந்தது. வாடியாவைத் தாக்கிய மாதிரியான வழக்கிலிருந்தும் பாதுகாப்பு கிடைத்தது. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடிக்கு, பம்பாய்க்காரர் ஒருவர் டில்லியில் மருந்து கேட்டார் என்று சொல்லலாம்.

அது ஜெயித்த கதை. நான் சொல்ல வந்தது தோற்ற கதையை.

அந்தக் காலத்துப் பம்பாய் நூல் ஆலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலோர் நூல் சுற்றும் பகுதியில் இருந்தார்கள். பொழுது விடிவதற்குள் அடுப்பு மூட்டி, ஆலைக்குப் போய், பத்து மணி நேரம் நின்று, திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தாலும் இதே கதிதான். வேலையை விட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் கடன். ஆகவே இடுப்பு வலி காணும் வரையில் மெஷினண்டை நிற்பதும், பெற்ற உடம்பு தேறுமுன் திரும்பி வருவதும் சகஜம். கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்கு ஒரு சாமான் கடையிலேயே விற்றது. 'பால கோலி' என்று பெயர். அபின் கலந்த சின்ன உருண்டை. காலையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தாய் திரும்பும் வரை குழந்தை அழாது, தூங்கும். தாய்க்கு இரக்கமில்லாமலா கொடுத்தாள்? பக்கத்து வீட்டுக்காரியும் ஆலைக்குப் போகிறவள்தானே!

1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனவர் ஜோஷி. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் ஓய்வும் உதவித் தொகையும் என்று அங்கே ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இந்தியா விஷயத்தில், நிலைமையை ஆராய்ந்து சொல்லும்படி இந்திய சர்க்காரைக் கேட்டுக் கொண்டதோடு சரி. வருஷங்கள் போயின. சர்க்கார் தானாக அசையாது என்று தெரிந்த பிறகு, 1924-ல் ஜோஷி தாமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். தொழிற்சாலைகள், சுரங்கங்கள், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் இம்மூன்றிலும் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ கால ஓய்வும் உதவிப் பணமும் தர வேண்டும். அதற்கான நிதியை முதலாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்பது மசோதாவின் சாரம்.

எதிர்ப்பு எப்படிப்பட்டது என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. இதை எப்படி நடத்துவது, சர்டிபிகேட் கொடுக்கப் பெண் டாக்டர்கள் எங்கே, பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விடுகிறவளை எங்கே தேடுவது என்பது ஒரு பக்கம். தொழில் தாங்காது என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வாதத்தில் தேசபக்தியின் வாசனையும் கொஞ்சம் கலந்திருந்தது. 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோதே, நம் ஆலைகளை நசுக்க லங்காஷயர் செய்யும் சூழ்ச்சி என்று இங்கே சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் முழுப் பொய்யும் அல்ல. ஆனால் லங்காஷயர்க்காரனின் உள்நோக்கத்தைக் காட்டி, பரேலில் நூல் சுற்றுகிறவளுக்கு ஆறு வாரம் படுக்கை இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? சுதேசி முதலாளியின் பணப்பெட்டியும் தேசத்தின் மானமும் ஒன்றே என்று நம்பிய நல்லவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். 1925-ல் மசோதா ஓட்டுக்கு வந்தது, தோற்றது.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தை மட்டும் நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். பிரசவத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் முதலாளி பெண்களையே வேலைக்கு வைக்க மாட்டான் என்ற வாதம் அது. சொன்னவர்கள் பெண்ணின் மேல் உள்ள அக்கறையால் சொன்னார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால் ஆலைகளில் பெண்களின் தொகை மெள்ள மெள்ளக் குறையத்தான் செய்தது. இரவு ஷிப்டில் பெண்களை வைக்கக் கூடாது என்ற விதி, புதிய மெஷின்கள், ஆட்குறைப்பு என்று காரணங்கள் பல. பிரசவச் செலவும் அவற்றில் ஒன்று. ஜோஷியின் மசோதாவில் இதற்கு ஒரு விடை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். பணம் பொது நிதியிலிருந்து வர வேண்டும் என்றார் அவர். தனித்தனி முதலாளி தன் கைப்பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் கர்ப்பிணியைப் பார்த்ததும் அவனுக்குக் கணக்கு ஞாபகம் வரும். நிதியிலிருந்து வந்தால் அந்தக் கோபத்துக்கு இடம் குறைவு. தோற்ற மசோதாவின் இந்த அம்சத்தைப் பிறகு வந்த மாகாணச் சட்டங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவை முதலாளியையே நேராகக் கொடுக்கச் சொல்லின.

ஆம், டில்லி தள்ளியதை மாகாணங்கள் எடுத்துக்கொண்டன. பம்பாய் 1929-ல் சட்டம் செய்தது: ஏழு வாரம், நாள் ஒன்றுக்கு எட்டணா. அடுத்த வருஷம் மத்திய மாகாணம். ஜோஷியும் அங்கத்தினராக இருந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் இந்தியா முழுவதற்கும் இது வேண்டும் என்று சிபாரிசு செய்தது. நம் சென்னைச் சட்டம் 1934-ல் வந்தது.

மற்றக் காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1922-ல் தொழிற்சாலை வேலை வாரம் 60 மணி என்று கட்டுப்பட்டது. 1923-ல் விபத்து நஷ்ட ஈட்டுச் சட்டம். 1936-ல் கூலி பட்டுவாடாச் சட்டம். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். நூல் அறுந்தால் அபராதம், தாமதித்து வந்தால் அபராதம் என்று சம்பளத்தைக் கொறித்துக்கொண்டிருந்த மேஸ்திரி உலகத்தில், ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் அபராதம் கூடாது, அந்தப் பணமும் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும் என்று ஒரு விதி வந்தது என்றால், அது மளிகைக் கடை பாக்கி வரைக்கும் போய்த் தொடுகிற விஷயம். இவை எல்லாம் அவர் ஒருவரே செய்தவை என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் அவர் குரல் இருந்தது.

1929-ம் வருஷம் அவருக்குச் சோதனை வருஷம். வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவைச் சர்க்கார் கொண்டு வந்தது. ஜோஷி எதிர்த்தார். ஏப்ரல் 8-ந் தேதி அது நிறைவேறிய அன்றுதான் பகத் சிங்கும் படுகேசுவர தத்தரும் சபைக்குள் குண்டு வீசினார்கள். அன்றைய தினத்தில் நமக்கு அந்தக் குண்டு மட்டுமே ஞாபகம் இருக்கிறது, இயற்கைதான். அதே வருஷக் கடைசியில் நாகபுரியில், ஜவஹர்லால் நேரு தலைமையில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரஸ், ராயல் கமிஷனைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்றது. ஜோஷி கமிஷனில் அங்கத்தினர். 1920-ல் தாமே பாடுபட்டு உண்டாக்கிய ஸ்தாபனத்திலிருந்து அவரும் வி. வி. கிரி முதலியோரும் வெளியேறினார்கள். தீவிரவாதிகளுக்கு அவர் சர்க்காரின் சாது. சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் அவர் தொந்தரவுக்காரர். இரண்டு பக்கத்திலும் கெட்ட பெயர் வாங்குவது எளிதான காரியம் அல்ல. கமிஷனுக்குள் உட்கார்ந்தது சரியா என்று கேட்டால், பிரசவ உதவிச் சிபாரிசு ஒன்றுக்காகவே சரி என்பேன். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிளவு ஆறிய பின் 1940-ல் அதே ஸ்தாபனத்தின் பொதுக் காரியதரிசியாக மறுபடி அவரே வந்து உட்கார்ந்தார்.

சுரங்கப் பெண்கள் கதை இன்னும் சங்கடமானது. நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதைப் படிப்படியாக நிறுத்த 1929-ல் விதி செய்தார்கள். புருஷன் வெட்ட, மனைவி கூடையில் சுமக்க, இருவர் கூலியும் சேர்ந்தால்தான் குடும்பம் என்று இருந்த இடத்தில் ஒரு கூலி போயிற்று. உயிருக்கு நல்லதுதான், உலைக்கு அரிசி? யுத்தம் வந்ததும், நிலக்கரி போதவில்லை என்று 1943-ல் தடையையே நீக்கிவிட்டார்கள். அதைப் பற்றிச் சட்டசபையில் காரசாரமான விவாதம் நடந்தது. அப்போது தொழிலாளர் இலாகாவை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர். யுத்த அவசியம் என்றும், ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் உண்டு என்றும் அவர் சர்க்காருக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏழைகளுக்காக உழைத்த இரண்டு பேர் எதிரெதிர் பெஞ்சில் உட்கார நேர்ந்த இந்தக் காட்சி எந்த நாவலிலும் வரலாம். யாரைக் கதாநாயகன் ஆக்குவது என்றுதான் தெரியாது. 1946-ல் தடை திரும்ப வந்தது.

1924-ம் வருஷத்து மசோதாவில் மூன்று இடங்கள் இருந்தன அல்லவா? தொழிற்சாலைப் பெண்களுக்கு மாகாணம் மாகாணமாக வழி பிறந்தது. சுரங்கப் பெண்களுக்கு 1941-ல் தனிச் சட்டம். பொது நிதியிலிருந்து கொடுப்பது என்ற யோசனை, 1948-ல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமாக, சந்தாவும் ஆஸ்பத்திரியுமாக, வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அந்தத் திட்டம் 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955 ஜனவரியில் கோயமுத்தூருக்கு வந்தது. அதே வருஷம் மே 30-ந் தேதி ஜோஷி காலமானார். தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றையும் ஒரே சட்டத்தில் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் என்று பார்லிமெண்டு நிறைவேற்றியது 1961-ல். அவர் முதல் தடவை எழுந்து நின்று கேட்டதற்கு முப்பத்தேழு வருஷம் கழித்து.