மர அச்செழுத்தும் சுழலும் வெட்டுமுனையும்

அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் ஈய எழுத்தைப் பற்றியே பெரிதும் எழுதுவர். சுவரொட்டியின் வரலாறோ மரத்தோடு பிணைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக விளம்பரங்கள் பெருகியபோது, தொலைவிலிருந்தே கண்ணில் படும் பேரெழுத்துகள் அச்சகங்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றை ஈயத்தில் வார்த்தால் எடையும் செலவும் மிகும். பெரிய வார்ப்பு ஆறும்போது அதன் முகம் குழிந்து, மை சீராக ஒட்டாமலும் போகும்.

நியூயார்க் அச்சாளரான டேரியஸ் வெல்ஸ் 1827இல் இதற்கொரு வழி கண்டார். விரைந்து சுழலும் வெட்டுமுனையைப் பொறியில் பொருத்தி, மரக்கட்டையில் எழுத்து மட்டும் மேலெழுந்து நிற்குமாறு சுற்றியிருந்த பகுதியைக் குடைந்தெடுத்தார். இன்று தச்சர்கள் ரூட்டர் என அழைக்கும் கருவியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. மறு ஆண்டே தம் எழுத்துகளின் மாதிரிப் பட்டியலையும் வெளியிட்டார்.

மரத்தின் எந்த முகத்தைக் குடைவது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. மர எழுத்துக்குப் பலகையின் நீள்முகம் ஏற்றதன்று. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெரியுமே, அந்த முகமே ஏற்றது. ஈர்க்குக் கட்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். படுக்க வைத்தால் ஈர்க்குகள் ஒரே திசையில் கிடக்கும். நிமிர்த்தி வைத்தால் நுனிகள் மட்டுமே மேலே தெரியும். மரத்தின் நார்களும் அவ்வாறே. நீள்முகத்தில் வளைவொன்றை வெட்டும் முனை ஓரிடத்தில் நாரோடு இசைந்து செல்லும். மற்றோரிடத்தில் நாரை எதிர்த்துப் பிய்த்துவிடும். குறுக்குமுகத்தில் அந்தத் திசைவேறுபாடு பெரிதும் இல்லை. அச்சுப்பொறியின் அழுத்தத்தையும் அது நன்கு தாங்கும். ஆனால் ஒவ்வொரு நாரையும் அறுத்தே செல்ல வேண்டியிருப்பதால் எதிர்ப்பு மிகுதி. மழுங்கிய முனை மரத்தைக் கருக்கும். முனை வெளியேறும் விளிம்பில் தாங்குவதற்கு ஒன்றுமில்லாத நார்கள் பெயர்ந்து விழும்.

குறுக்குமுகத்தின் இயல்பை ஓவியச் செதுக்கர்கள் முன்பே அறிந்திருந்தனர். இங்கிலாந்தின் நியூகாசலில் தாமஸ் பியூவிக் பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குமுகத்தில் செதுக்கிய விலங்குப் படங்கள் 1790இல் நூலாக வந்தன. எழுத்துத் தொழிலோ மேப்பிள் மரத்தைப் பற்றிக்கொண்டது.

1834இல் வில்லியம் லெவன்வொர்த் இந்த வெட்டுமுனையோடு பாண்டோகிராஃபை இணைத்தார். ஒரு மாதிரி எழுத்தின் விளிம்பைத் தொழிலாளி தடவிச் செல்ல, அதே வடிவம் வேண்டிய அளவில் மரத்தில் உருவாயிற்று. 1880இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் பின்னர் போட்டியாளர்கள் பலரை விலைக்கு வாங்கி இத்தொழிலில் முதலிடம் பெற்றது.

பொறியைப் புகழும் ஏடுகள் ஒருவரை மறந்துவிடுகின்றன: பொறி வெட்டி முடித்தபின் கத்தியோடு அமர்ந்தவரை. சுழலும் முனை வட்டமானது. ஆகவே கூரான உள்மூலையை அதனால் வெட்ட இயலாது. நம் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளலாம். ‘ட’வுக்கு ஓர் உள்மூலை, ‘ப’வுக்கு இரண்டு. பொறி அவ்விடங்களை வளைவாகவே விட்டுச்செல்லும். எழுத்துக்கு மூலை தந்தது அந்தக் கையே. அவர்கள் பெயர்களை எந்த மாதிரிப் பட்டியலும் அச்சிட்டதாக நான் கண்டதில்லை.

இன்று மர எழுத்தைக் கணினிவழி இயங்கும் சிஎன்சி ரூட்டரும் வெட்டுகிறது. மாதிரி எழுத்தும் அதைத் தடவும் கையும் இல்லை. முனை செல்ல வேண்டிய பாதை எண்களாகப் பொறிக்குள் செல்கிறது. மரம் மட்டும் மாறவில்லை. குறுக்குமுகத்தில் ஒரே மூச்சில் ஆழமாக இறங்காமல் அடுக்கடுக்காகவே இறங்க வேண்டும். விளிம்பு பெயராதிருக்க வேறொரு கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேர்முனை ‘ப’வின் உள்மூலையில் 1.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுவைக்கும். இன்னும் மெல்லிய முனையை இட்டால் வளைவு சிறுக்கும். ஆனால் கெட்டியான மரத்தில் அது எளிதில் ஒடியும். முழுக்கூர்மை வேண்டுவோர் பொறியை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுக்கின்றனர்.