புகையற்ற தோட்டா



கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலைக்கு நான் சென்றிருந்தபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி விவரித்தார். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, நார் வைத்து அடைத்து, நீண்ட கம்பியால் கெட்டித்து, அதன்மேல் ரவையை இடவேண்டுமாம். மழை பெய்தால் மருந்து நமுத்துவிடும். இரண்டாம் முறை சுடுவதற்குள் காட்டுப்பன்றி அடுத்த குன்றை எட்டிவிடும்.

இந்தத் தொல்லைகளைத் தீர்க்க வந்ததுதான் தோட்டா. மருந்து, குண்டு, தீப்பற்றவைக்கும் கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடக்கித் துப்பாக்கியின் பின்புறமாகச் செலுத்தினார்கள். பிற்காலத்து இராணுவத் தோட்டாவில் புகையே மிகக் குறைவு என்று நான் சொன்னேன். பெரியவர் சற்று யோசித்து, “புகை வராவிட்டால், சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று எப்படி ஐயா தெரியும்?” என்று கேட்டார். அக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

மக்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கும் தோட்டாவின் கதையைப் பாருங்கள். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு, ஆதலின் அப்பெயர். 1889-ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் படை அதனை ஏற்றபோது உள்ளே இருந்தது கருமருந்தே. 1891-இல் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தது. வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சிறிது வாசலினோடு பிசைந்து, கயிறுபோல் இழுத்துச் செய்வது அது. அதனை இந்தியாவிலேயே செய்வதற்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் உள்ளது.

மருந்து வலுத்தது, குண்டு சிறுத்தது. 1895-இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் போர் நடந்தது. பாய்ந்து வரும் எதிரியின் உடலை அச்சிறு குண்டு துளைத்துச் செல்கிறதேயன்றி அவனை நிறுத்தவில்லை என்று படையினர் குறைகூறினர். அந்த எதிரிகளும் மலைவாசிகளே! உடனே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில், உடலுக்குள் புகுந்ததும் விரிந்து சிதைக்கும் குண்டு உருவாயிற்று. ஓர் இந்திய ஊரின் பெயர் உலக மொழிகளில் கொடுமையின் பெயராயிற்று.

1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு விரியும் குண்டுகளை விலக்கியது. ‘நாகரிகமற்றோரை’ நிறுத்த அவை வேண்டும் என்று வாதாடிய பிரிட்டன் 1907-இல்தான் இணங்கியது. ஆயினும் அந்தப் பிரகடனம் கையொப்பமிட்ட நாடுகள் தமக்குள் செய்யும் போருக்கே பொருந்தும். ஆள்வோருக்கும் ஆளப்பட்டோருக்கும் இடையே அதற்கு வேலையில்லை.

1919 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாகில், நிராயுதபாணிகளான மக்கள்மீது டயரின் ஆணைப்படி 1650 முறை சுட்டார்கள். மாண்டவர் 379 பேர் என்றது அரசுக் கணக்கு. அது மிகக் குறைவு என்றனர் இந்தியத் தலைவர்கள். குண்டின் வடிவத்தை வரையறுத்த சட்டம், துப்பாக்கி யாரை நோக்கித் திரும்புகிறது என்று கேட்கவில்லை.

அன்பர்களே, பழைய கருமருந்து, சுட்டவன் நின்ற இடத்தைத் தன் புகையாலேயே காட்டிக்கொடுத்தது. புதிய மருந்து அதை மறைத்தது. சுட்டவன் எங்கே நின்றான், யார் ஏவி நின்றான் என்று சொல்வது இனிச் சரித்திரத்தின் கடமை. வெள்ளிமலைப் பெரியவருக்கு அன்று நான் சொல்லாத விடை இதுவே.