வில்லங்கமில்லாத வீடு: கொத்தனாரின் பாக்கி பற்றிச் சில குறிப்புகள்

கரிக்கலாம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று விலைக்கு வந்தது. சுவரெல்லாம் விரிசல், மழைக்காலத்தில் தளம் ஒழுகும். "இப்படியே காட்டுனா எவனும் வாசல்ல நிக்கமாட்டான், கொஞ்சம் கை வச்சுடுங்க" என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். விற்பவரிடம் கைவைக்கப் பணமில்லை. பணமில்லாததால்தானே விற்கிறார்? கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசினார். "பத்திரம் முடியட்டும் மேஸ்திரி, மொத்தமா வாங்கிக்க." ஊர்க்காரர், தெரிந்த முகம். வேலை நடந்தது. சுவரைக் கொத்திப் பூசினார்கள், நடையில் டைல்ஸ் ஒட்டினார்கள், தளத்துக்கு மேல் ஓடு பதித்தார்கள், வண்ணம் அடித்தார்கள். வீடு நல்ல விலைக்குப் போயிற்று. விற்றவர் கடனை அடைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். கொத்தனார் புதுச் சொந்தக்காரரிடம் போய் நின்றபோது அவர் சொன்ன பதிலில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை: "நான் வீட்டத்தான வாங்குனேன், ஒன் கணக்கையா வாங்குனேன்?"

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. அதிலும் புதுச்சேரி மண்ணுக்கென்று தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

1

கிரயப் பத்திரம் என்பதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். நான்கெல்லை வரும், அளவு வரும், சொத்து விற்பவருக்கு எப்படிப் பாத்தியமானது என்ற வழி வரும். பிறகு, இச்சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதும் ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன் என்ற உறுதிமொழி வரும். வில்லங்கம் என்பது இங்கே வங்கியின் அடமானம், நீதிமன்ற ஜப்தி, பங்காளி வழக்கு ஆகியவற்றைக் குறிக்கும். பதிவு அலுவலகத்தில் வாங்கும் வில்லங்கச் சான்றும் பதிவேட்டில் ஏறியதை மட்டுமே சொல்லும். கொத்தனாருக்குத் தரவேண்டிய பாக்கி அதில் ஏறாது. சித்தாளின் மூன்று வாரக் கூலி ஏறாது. சுவரில் இருக்கிற உழைப்பு பத்திரத்தில் விலையாக மட்டுமே வருகிறது. அந்த விலையும் விற்பவரின் விலையாகவே வருகிறது.

கேட்கலாம்: கடன் என்பது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள விவகாரம், அதில் வீடு எங்கே வந்தது என்று. ஆனால் இந்திய சொத்து மாற்றுச் சட்டம் (1882) எல்லாக் கடனையும் அப்படிப் பார்க்கவில்லை. அதன் 55-ஆம் பிரிவின்படி, உரிமை கைமாறிய பிறகும் விற்றவருக்கு முழு விலை வந்து சேரவில்லை என்றால், பாக்கித் தொகைக்கு அந்தச் சொத்தின்மீதே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு. முன்பணம் கொடுத்தவருக்கும், அவர் முறைகேடாகப் பின்வாங்காதவரை, அதே மாதிரி உரிமை உண்டு. அதாவது விற்பவரின் பாக்கி வீட்டில் ஒட்டிக்கொள்கிறது. வாங்குபவரின் பணமும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் நிஜமாகவே ஒட்டியிருக்கிற சிமெண்டையும் சுண்ணாம்பையும் பூசிய கையின் பாக்கிதான் ஒட்டுவதில்லை.

2

புதுச்சேரியில் இது எப்போதும் இப்படி இருக்கவில்லை.

1816-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றார்கள். 1819 ஜனவரியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு அறிவிக்கப்பட்டன. இந்தியர்கள் முன்போலவே அவரவர் சாதியின் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் நீதி பெறுவார்கள் என்று அதே ஆணை சொன்னது. எனவே கல்யாணமும் வாரிசும் சாதியிடம் இருந்தன. கிரயம், அடமானம், ஒப்பந்தம் ஆகியவை மெல்ல மெல்ல பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கைக்குப் போயின. பத்திரங்களை நோத்தேர் எழுதினார், மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

1804-இல் நெப்போலியன் காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத் தொகுப்பின் 2103-ஆம் பிரிவு நமக்கு முக்கியமானது. ஒரு கட்டடத்தின்மீது யார் யாருக்கு முன்னுரிமை என்ற பட்டியல் அது. விற்றவர், விலைக்குக் கடன் கொடுத்தவர், உடன்பங்காளி என்று போய், நான்காவதாகக் கட்டடக் கலைஞர்கள், ஒப்பந்தக்காரர்கள், கொத்தனார்கள், பிற தொழிலாளர்கள் வருகிறார்கள். கட்டியதற்கும், திரும்பக் கட்டியதற்கும், பழுது பார்த்ததற்கும் அவர்களுக்குக் கட்டடத்தின்மீதே முன்னுரிமை உண்டு. எவ்வளவு தொகைக்கு? கட்டடம் கைமாறும் வேளையில், இவர்கள் செய்த வேலையால் அதன் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு.

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். விற்பதற்காக வீட்டைச் செப்பனிடுவது, விற்றபின் கூலி தருவது என்கிற நம் ஊர்ப் பேச்சைத்தான் சட்டத்தின் மொழியில் அது எழுதியிருக்கிறது. கூடிய மதிப்பு யாரால் கூடியதோ அவருக்கு அதில் முதல் பங்கு. பிரெஞ்சு மொழியில் கொத்தனாரின் பாக்கி ஒரு வில்லங்கமாக இருந்தது.

3

அப்படியென்றால் காலனியம் கொத்தனாருக்கு நியாயம் செய்ததா? அவசரப்பட வேண்டாம். அதே பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. வேலை தொடங்கும் முன் நீதிமன்றம் நியமித்த நிபுணர் ஒருவர் வந்து வீட்டின் நிலையைக் குறித்து அறிக்கை எழுத வேண்டும். வேலை முடிந்த ஆறு மாதத்துக்குள், அதேபோல் நியமிக்கப்பட்ட நிபுணர் வந்து வேலையை ஏற்று இரண்டாவது அறிக்கை தர வேண்டும். இரண்டும் இல்லையேல் முன்னுரிமை இல்லை. பிரான்சிலேயே, செலவுக்கும் சடங்குக்கும் பயந்து, இந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. கரிக்கலாம்பாக்கத்துக் கொத்தனார் ஒருவர் ஒரு சுவரைப் பூசுவதற்கு முன் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போய், பிரெஞ்சில் மனுப்போட்டு, நிபுணரை அழைத்து வருவதை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். எழுத்தில் உரிமையும் நடைமுறையில் சூனியமும் ஒரே வாக்கியத்தில் குடியிருந்தன.

1798-ஆம் பிரிவு இன்னும் கீழே இறங்குகிறது. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்த கொத்தனார், தச்சர் முதலியோர் வீட்டுக்காரர்மீது நேராக வழக்குப் போடலாம். ஆனால் வழக்குப் போடும் நேரத்தில் வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறாரோ அதுவரைதான். மேஸ்திரிக்குக் கணக்கு முடிந்திருந்தால் சித்தாளுக்கு வீட்டுக்காரரிடம் ஒன்றுமில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி நிலப்பரப்பு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களோடு பின்னிப்பிணைந்து துண்டுதுண்டாகக் கிடப்பது. பிரெஞ்சுக் காலத்தில் பாகூர்ப் பக்கத்துக் கொத்தனார் காலையில் சட்டிப்பலகையோடு எல்லை தாண்டி வெள்ளைக்காரன் பகுதிக்கு வேலைக்குப் போனால், அவர் கை அதே கைதான், கலவையும் அதேதான். சட்டம் மட்டும் மாறிவிடும். இந்தப் பக்கம் கைக்கெட்டாத ஓர் உரிமை. அந்தப் பக்கம் அதுவும் இல்லை.

4

1954 அக்டோபர் 18-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டபூர்வ மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பிரெஞ்சுச் சட்டம் நீடித்தது. 1968-ஆம் ஆண்டின் சட்ட விரிவாக்கச் சட்டம் வந்துதான் சொத்து மாற்றுச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் முதலியவற்றை இங்கே கொண்டுவந்து, அவற்றுக்கு ஈடான பிரெஞ்சுச் சட்டங்களை நீக்கியது. ஒரு விதிவிலக்கு வைத்தது: ரெனோன்சான்களின், அதாவது 1881 ஆணையின்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பச் சட்டத்தை ஏற்றவர்களின், தனிநபர் சட்டம் தொடரும். ஒரு சிறுபான்மையின் கல்யாணத்தையும் வாரிசையும் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. கொத்தனாரின் பிரிவைத் திருத்தி எளிமையாக்கிக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. விடுதலையைப் பற்றிய நம் கதையாடல்களில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

5

ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கைத்தொழிலாளிக்கு ஓர் உரிமை தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைத்தொழிலாளி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அடுத்த எடுத்துக்காட்டையும் பாருங்கள்: தைத்தவுடன் தருகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்ட தையல்காரர் துணியைப் பிடித்துவைக்க முடியாது. ஆக, தவணை கொடுத்தவர் பிடியை விட்டவர். வீட்டையோ கையில் பிடித்துவைக்கவே வழியில்லை. கொத்தனார் இரண்டு வகையிலும் தோற்கிறார். அவருக்கு மிஞ்சுவது வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பணத்துக்காகப் போடும் சாதாரண வழக்கு. எழுத்தில் ஒன்றுமில்லாத ஒருவர் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாக்கியே பாதி கரைந்துவிடும்.

வீட்டை மேம்படுத்தியதற்குச் சட்டம் மதிப்பே தருவதில்லை என்று சொல்ல வரவில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவைப் பாருங்கள். தான்தான் முழு உரிமையாளர் என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் சொத்தை மேம்படுத்தியிருந்தால், பிறகு வேறொருவர் வந்து அவரை வெளியேற்றும்போது மேம்பாட்டின் மதிப்பைத் தர வேண்டும். பிரெஞ்சுச் சட்டமும், திரும்ப வாங்கும் உரிமையோடு விற்ற சொத்தை விற்றவர் மீட்கும்போது, வாங்கியவர் செய்த மேம்பாட்டுக்குக் கூடிய மதிப்பளவு தரச் சொல்கிறது. இரண்டு இடத்திலும் பலன் பெறுபவர் தன்னை உடைமையாளராகக் கருதியவர். கொத்தனாரின் குற்றம் ஒன்றுதான்: அந்த வீடு தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

6

இந்தப் பார்வைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கொங்குக் கம்மாளர்களுக்கு அரசன் அளித்த சலுகைகளைச் சொல்கிறது: நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கட்டடமும் சிற்பமும் செய்கிற கைகள், தம் சுவருக்குப் பூச்சு பூச ஓர் அரசாணை வேண்டியிருந்தது. அந்தக் கம்மாளரும் இன்றைய கொத்து வேலைக்காரர்களும் ஒரே சமூகம் அல்லர். இன்று சட்டி தூக்குபவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் பிற்பட்டவர்களும், அவர்களில் பெண்கள் ஏராளம். ஆனால் பூச்சு ஊர்க்காரனின் கௌரவம், பூசுவது வேறொருவனின் கடமை என்கிற பிரிவினை தொடர்கிறது. விற்பனைக்கு முன் வீட்டுக்கு ஏற்றும் அந்த மினுமினுப்பும் கௌரவம்தான். அதைத்தான் வாங்குபவர் விலை கொடுத்து வாங்குகிறார்.

7

அமெரிக்காவில் 1791-இல் மேரிலாந்து மாநிலம், வாஷிங்டன் நகரை எழுப்புகிற கட்டடக்காரர்களுக்குக் கட்டிய வீட்டின்மீதே பாக்கிக்கான உரிமை தந்து சட்டம் செய்தது. தலைநகரம் சீக்கிரம் வேண்டும். கையில் காசு போதாது. கடனுக்கு உழைக்க ஆள் வரவேண்டும். உரிமை வந்தது கருணையால் அல்ல, தேவையால். இன்று அங்கே சில வீட்டுத் தரகு நிறுவனங்கள், விற்பனைக்கு முன் செப்பனிடும் செலவை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, விற்றபின் விலையிலிருந்து கழித்துக்கொள்கின்றன. அங்கே காத்திருப்பது மூலதனம், எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தோடு. இங்கே காத்திருப்பது கூலி, வாய்வார்த்தையோடு.

வாங்குபவரின் பயத்தையும் மறுக்க முடியாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டுக்கு, பார்த்திராத ஒருவர் பாக்கி கேட்டு வந்தால் என்ன செய்வது? இதற்குப் பதில் பதிவேட்டிலேயே இருக்கிறது. வங்கியின் அடமானத்தை வில்லங்கத்தில் காட்ட முடிகிறபோது, வேலை தொடங்கிய அன்று கொத்தனார் கொடுக்கும் ஒரு பக்க அறிவிப்பையும் காட்ட முடியும். நிபுணர் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். பாக்கி தீர்ந்ததும் அது நீங்கும். தீராதவரை கிரயப் பணத்திலிருந்து அவர் பங்கு பிடித்தம் ஆகும். பிரெஞ்சுச் சட்டத்தின் கருத்தை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனைகளைக் கழற்றிப் போடுவதுதான் இது. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் நல வாரியம், காப்பீடு, ஓய்வூதியம் என்று பலவற்றைப் போராடிக் கேட்டு வந்திருக்கின்றன. கட்டிய சுவரின்மீதே ஓர் உரிமை என்கிற கோரிக்கையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கரிக்கலாம்பாக்கத்துக் கொத்தனார் இப்போது அந்த வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை. ஏன் என்று கேட்டேன். "போனா சொவத்தப் பாப்பேன். நல்லா வந்திருக்கு சார், அதான் எரிச்சல்" என்றார்.