வேட்டை நாயின் கழுத்தில் ஒரு ரேடியோ

1852ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மான் ஓடுகிறது. கறுப்பும் பழுப்புமான ஒரு நாய் அதைத் துரத்திக்கொண்டு போகிறது. நாயின் சொந்தக்காரர் எங்கோ பின்னால் இருக்கிறார். அந்த வழியாக வந்த டாம் ஹாரிஸ் என்ற கால்நடை வியாபாரி நாயின் வேகத்தைப் பார்த்து மயங்கி, அதைப் பிடித்துக் கென்டக்கி மாநிலத்துக்குக் கொண்டு போய், ஜார்ஜ் வாஷிங்டன் மாப்பின் என்ற நரி வேட்டைப் பிரியரிடம் விற்றுவிடுகிறார். நாய்க்காரருக்குக் கதை அத்தோடு முடிந்தது.

நாய்க்கு அங்கேதான் தொடங்கியது! 'டென்னசி லீட்' என்று பெயர் பெற்ற அந்த நாய் என்ன ஜாதி, யார் வளர்த்தது, எதுவும் தெரியாது. ஆனால் அதன் வாரிசுகள்தான் வாக்கர் ஹவுண்ட் என்ற புகழ்பெற்ற இனமாயின. இன்று அமெரிக்காவில் ரக்கூன் வேட்டைக்காரர்கள் கொண்டாடும் 'ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்ட்' (1945இல் தனி இனமாகப் பதிவானது) அந்தத் திருட்டு நாயின் வழிவந்ததுதான். ஒரு நாய் தொலைந்ததில் ஓர் இனமே பிறந்த கதை இது. தொலைத்தவரின் பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை.

வேட்டை நாய்க்கு எந்த ட்ராக்கிங் காலர் வாங்குவது என்ற கேள்வி, பார்த்தால் வெறும் கடைத்தெருக் கேள்வி மாதிரி இருக்கும். விலை என்ன, பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை மைல் எட்டும் என்று ஒரு பட்டியல் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். உண்மையில் நாயை எப்படித் தொலைக்கிறோம் என்பதுதான் எந்தக் காலர் என்பதை முடிவு செய்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

(இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, பிறகு பிடி இறுகி, வேட்டை என்பதே குற்றமாகிவிட்டது. அதனால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேலை இல்லை. 'ரேடியோ காலர்' என்றதும் இங்கே பலருக்கும் ஞாபகம் வருவது 2023இல் கம்பம் நகருக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானைதான். அந்த யானையின் கழுத்துப் பட்டையும் வேட்டை நாயின் பட்டையும் ஒரே குடும்பம்.)

ரேடியோ வருவதற்கு முன் காது மட்டுமே கருவி. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இரவு வேட்டை என்றால், நாய்களை அவிழ்த்துவிட்டு, குன்றின்மேல் தீ மூட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நாயின் குரலும் தனித்தனியாகத் தெரியும். மோப்பம் பிடித்து ஓடும்போது நீண்ட குரல். ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டால் வெட்டி வெட்டிக் குரைக்கும் குரல். இருட்டில் அதை வைத்தே 'எந்த நாய் முன்னால் போகிறது, எந்தப் பள்ளத்தில் இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். கூப்பிட மாட்டுக் கொம்பில் செய்த ஊதுகொம்பு. கழுத்தில் சொந்தக்காரர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

அப்படியும் வரவில்லை என்றால்? நாயை அவிழ்த்துவிட்ட இடத்தில் தன் பழைய கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் நாய் அந்தக் கோட்டின்மேல் சுருண்டு படுத்திருக்கும். செலவில்லாத ட்ராக்கிங் சிஸ்டம்! ஆனால் அந்தக் கோட்டுக்குத் திரும்பி வரும் நிலையில் நாய் இருக்க வேண்டுமே. காரில் அடிபட்ட நாய்க்கும், பாறை இடுக்கில் மாட்டிய நாய்க்கும், வேறொருவர் வண்டியில் ஏற்றிப் போன நாய்க்கும் கோட்டால் பயனில்லை.

'என் நாய் எங்கே' என்ற கவலை பெரிய மனிதர்களையும் விட்டதில்லை. 1785இல் பிரான்சிலிருந்து லஃபாயெட், ஜார்ஜ் வாஷிங்டனுக்கு (இவர் மாப்பின் இல்லை, நிஜ வாஷிங்டன்) வேட்டை நாய்களைக் கப்பலில் அனுப்பினார். கூட வந்தவர் 18 வயது ஜான் குயின்சி ஆடம்ஸ். நாய்கள் நியூயார்க்கில் இறங்கின. ஆனால் அவை யாரிடம் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிப் போடவில்லை என்று அந்த இளைஞர்மேல் வாஷிங்டனுக்கு வருத்தம். ஒருவர் பிற்பாடு முதல் ஜனாதிபதி, இன்னொருவர் ஆறாவது!

ரேடியோவை விலங்கின் கழுத்தில் கட்டும் யோசனை வேட்டைக்காரர்களிடமிருந்து வரவில்லை. ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்தது. டிரான்சிஸ்டர் வந்து கருவிகள் சிறுத்த பிறகுதான் அது முடிந்தது. கிரெய்க்ஹெட் சகோதரர்கள் 1961இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் கிரிஸ்லி கரடிக்கு ரேடியோ காலர் மாட்டினார்கள். 1963இல் வில்லியம் காக்ரன், ரெக்ஸ்போர்ட் லார்ட் இருவரும் காட்டு விலங்குகளுக்கான ரேடியோ முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முயலுக்கும் கரடிக்கும் கட்டியதை நாய்க்குக் கட்டினால் என்ன என்று பிறகு வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. காலர் 'பீப்... பீப்...' என்று துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். வேட்டைக்காரர் கையில் பழைய மொட்டைமாடி டிவி ஆன்டெனா மாதிரி ஒன்று. அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நாய் இருக்கிறது என்று போக வேண்டும். சில காலர்களுக்குள் பாதரச ஸ்விட்ச் ஒன்று இருக்கும். நாய் மரத்தடியில் தலையை உயர்த்திக் குரைத்தால் பாதரசம் நகர்ந்து பீப்பின் வேகம் மாறும். காதுக்கு எட்டாத தூரத்திலும் நாய் மரத்தடிக்கு வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். குன்றின்மேல் தீ மூட்டி உட்கார்ந்திருந்தவர்களின் காதை ஒரு சொட்டுப் பாதரசம் ஈடுகட்டிய இடம் இது.

ஆனால் பீப் திசையைத்தான் சொல்லும். தூரத்தைச் சொல்லாது. மலைப் பகுதியில் அலை பாறையில் பட்டுத் திரும்பி, நாய் இல்லாத பக்கத்தையும் காட்டும். இடத்தை உறுதி செய்ய இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்து, கோடுகள் வெட்டும் புள்ளியைக் கணக்குப் போட வேண்டும். அதற்குள் நாய் நெடுஞ்சாலையைத் தாண்டியிருக்கலாம். தாண்டாமலும் இருக்கலாம்...

அடுத்த மாற்றத்துக்கு இரண்டு அரசாங்க முடிவுகள் காரணம். இரண்டும் 2000ஆம் ஆண்டில் நடந்தவை, இரண்டுக்கும் நாய்க்கும் துளிகூடச் சம்பந்தம் கிடையாது! ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே மாதம் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. பிழை 20 மீட்டருக்கும் கீழே வந்தது. நாயைத் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. 100 மீட்டர் பிழை என்றால் நாய் சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே சொல்ல முடியாது.

இங்கே பலரும் குழம்புகிற விஷயம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் என்பது கேட்க மட்டும் தெரிந்த கருவி. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று காலர் கணக்குப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நாயின் இடம் நாய்க்கு(!)த் தெரிந்து என்ன பயன்? அதைக் காலர் வேட்டைக்காரருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மறுபடியும் ரேடியோதான் வேண்டும்.

அந்த வழியைத் திறந்தது இரண்டாவது முடிவு. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 151, 154 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் ஐந்து சானல்களைத் தனித்தனி லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கியது. 'மர்ஸ்' என்று பெயர். அதிகபட்சம் 2 வாட் சக்தி. இந்த அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். மரம் செடிகளைத் தாண்டிப் போகும் குணம் இதற்குக் கூடுதலாக உண்டு. அலைநீளத்தில் கால்பங்குக்கு ஆன்டெனா வேண்டும் என்பதால்தான் இந்தக் காலர்களில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு வால் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கார்மின் நிறுவனம் 2007இல் கொண்டு வந்த 'ஆஸ்ட்ரோ' இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது. கைக்கருவியின் திரையில் வரைபடம், அதன்மேல் நாய், நாய் போன பாதை, எவ்வளவு தூரம், ஓடுகிறதா நிற்கிறதா, எல்லாம். ஒரு கைக்கருவிக்குப் பத்து நாய்கள் வரை. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது ஷேவிங் ரேசர் கணக்கு: கைக்கருவி ஒரு முறை வாங்குவது, காலர் ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று. நான்கு நாய் வைத்திருப்பவர் வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் ஐந்து பொருளை மாற்ற வேண்டும். அப்புறம் எங்கே மாறுவது! 2011இல் கார்மின், டூசான் நகரத்தின் ட்ரை-ட்ரானிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. மின் அதிர்ச்சி கொடுத்து நாயைப் பழக்கும் காலர் செய்கிறவர்கள் அவர்கள். அதன் பிறகு வந்த 'ஆல்ஃபா'வில் இடம் காட்டுவதும் அதிர்ச்சி கொடுப்பதும் ஒரே பட்டையில் சேர்ந்தன. சாலையை நோக்கி ஓடும் நாயை நிறுத்த அது உதவுகிறது என்பார்கள். நாய்க்கு வலிக்கிறதே என்பார்கள் மறுபக்கம். வேல்ஸ் நாடு 2010இலேயே அதிர்ச்சிக் காலரைத் தடை செய்துவிட்டது. இடம் மட்டும் காட்டும் காலரும் தனியாகக் கிடைக்கிறது. இடம் தெரிந்தால் போதும் என்பவர் அதோடு நின்றுகொள்வது நல்லது.

பின்லாந்தின் கதை வேறு மாதிரி. மர்ஸ் சானல்கள் அமெரிக்க ஏற்பாடு, ஐரோப்பாவில் செல்லாது. அங்கே விற்கும் கார்மின் காலர்களே வேறு மாடல்கள். பின்லாந்தோ நோக்கியாவின் தேசம். காட்டுக்குள்ளும் செல்போன் டவர் எட்டுகிற நாடு. அங்கே 'டிராக்கர்' போன்ற நிறுவனங்கள் காலருக்குள் சிம் கார்டைப் போட்டன. நாயின் இடம் போன் நெட்வொர்க் வழியாக வேட்டைக்காரரின் போனுக்கு வருகிறது. தூர வரம்பே கிடையாது. நாய் 30 கிலோமீட்டர் போனாலும் தெரியும். மாதச் சந்தா உண்டு. டவர் இல்லாத பள்ளத்தில் நாய் இறங்கினால் திரை மௌனம்.

அங்கே திரை மௌனமானால் வயிற்றைக் கலக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்லாந்து ஸ்பிட்ஸ் மாதிரி நாய்கள் தனியாகக் காட்டுக்குள் போய், மிருகத்தைக் கண்டுபிடித்து, அதை நிறுத்தி வைத்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரைப்பு வேட்டைக்காரருக்கு மட்டும் கேட்பதில்லை, ஓநாய்க்கும் கேட்கும். ஓநாயிடம் நாயை இழப்பது அங்கே வருடா வருடம் நடப்பது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை இடம் காட்டும் காலர் அங்கே சவத்தை எடுக்கத்தான் உதவும்.

ஆக, டவர் இல்லாத அமெரிக்க மேற்கு மலைகளில் கரடி வேட்டை நாய்க்கு ரேடியோ வழி ஜிபிஎஸ்தான் பொருத்தம். டவர் நிறைந்த சமவெளிக்கு சிம் காலர் தாராளமாகப் போதும். இரண்டுமே இரண்டு நாள் சார்ஜ் தாங்கினால் பெரிய விஷயம். நாய் நான்கு நாள் காணாமல் போனால்? அதற்காகச் சிலர் பழைய பீப் காலரையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதன் பேட்டரி மாதக்கணக்கில் துடிக்கும். தூரம் சொல்லாத அந்த ஊமைக் கருவியைக் குப்பையில் போட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

எந்தக் காலராலும் தீராத ஒன்று, நிலம் யாருடையது என்பது. நாய்க்கு வேலி தெரியாது. வர்ஜீனியா மாநிலச் சட்டம், அடுத்தவர் நிலத்துக்குள் ஓடிய நாயை மீட்க வேட்டைக்காரர் உள்ளே போகலாம் என்கிறது. நாயை மட்டும் மீட்க வருகிறவர் துப்பாக்கி கொண்டு போகக் கூடாது. நில உரிமையாளர்களுக்கு இதில் நெடுநாள் கோபம், அதிலும் நியாயம் இருக்கிறது. திரையில் நாயின் இடம் துல்லியமாகத் தெரிகிறபோது, 'நாய் தானாக ஓடிவிட்டது, எங்கே போனதென்று தெரியவில்லை' என்று வேட்டைக்காரர் சொல்வதும் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

அதே மாநிலத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தக்காரர் நாயைக் கண்டுபிடிக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு அதன் ட்ராக்கிங் காலரைக் கழற்றினால் 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். அதனால் நாய் தொலைந்தாலோ செத்தாலோ அதன் உண்மையான மதிப்பையும் கொடுக்க வேண்டும். டென்னசி லீட்டுக்கு என்ன விலை போட்டிருப்பார்களோ!