ஆள் இருக்கிறார்கள், ஆர்கெஸ்ட்ரா?



2025 மார்ச் 8 அன்று இளையராஜா தன் 'வேலியண்ட்' சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. "ஏன் டீச்சர், இங்கே வாசிக்க ஆளே இல்லையா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஆள் உண்டு. அவருடைய சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர்களே சென்னையில் எத்தனை பேர்! இல்லாதது வேறு. அதற்குப் பம்பாய்க் கதையைச் சொல்ல வேண்டும்.

மெஹ்லி மேத்தா என்ற பார்சி வயலின் கலைஞர் 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். பொழுதுபோக்காக வாசித்தவர்கள், சினிமாவுக்கு வாசித்துப் பிழைத்த கோவாக்காரர்கள், ஊதுகருவிகளுக்குக் கடற்படை பேண்டுக்காரர்கள் என்று சேர்த்துக் கட்டிய குழு அது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்: எல்லாரும் வேறு இடத்தில் சம்பளம் வாங்குபவர்கள், பெர்மனன்ட் யாருமில்லை. ஒருவருக்கு அன்று வேறு டியூட்டி விழுந்தால் ஒத்திகையில் அந்த நாற்காலி காலி.

மெஹ்லி 1945-இல் நியூயார்க் போய் இவான் கலாமியனிடம் மேலும் கற்றார். திரும்பி வந்து மறுபடி குழுவை நடத்தினார். பிறகு மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியில் அமெரிக்காவிலேயே தங்கி, 1964-இல் ஓர் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி 33 ஆண்டுகள் நடத்தினார். அதே மனிதர், அதே உழைப்பு. அங்கே நிலைத்தது, பம்பாயில் நிலைக்கவில்லை.

அவர் மகன்தான் ஜூபின் மேத்தா. வீட்டில் ஒத்திகை கேட்டே வளர்ந்த பையன். 18 வயதில் வியன்னாவுக்குப் படிக்கப் போனார். 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1978-இல் நியூயார்க் என்று பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் தலைமைக்கு வந்தார். சுனாமியின் முதலாண்டு நினைவாக 2005 டிசம்பர் 26 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் நிகழ்ச்சி நடத்தினார். நடத்தியவர் நம் நாட்டில் பிறந்தவர், வாசித்த குழு ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தது!

2006-இல்தான் மும்பையில் குஷ்ரூ சன்டூக், கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசென்கலியேவ் இருவரும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழில்முறைக் குழு. ஆரம்பத்தில் பெரும்பாலோர் வெளிநாட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நம் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிக்கும் முதலில் கொரியர்கள் வந்துதானே வேலை சொல்லிக்கொடுத்தார்கள்? அவர்களும் பின்னர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள்.

சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைப் பள்ளி 2008-இல் வந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்கும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அங்கே உண்டு. வயலினுக்குப் பிள்ளைகள் கிடைத்துவிடுவார்கள். செல்லோ, ஓபோ, பிரெஞ்சு ஹார்ன் நாற்காலிகளுக்குத்தான் ஆள் தேட வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இவற்றைக் கற்கிறார்களா? இருந்தால் எழுதுங்கள்.